உடன்பட்ட மதிப்புக் காப்பீடு (பழைய தானுந்துகள்)

உடன்பட்ட மதிப்புக் காப்பீடு என்பது, காப்பீடு செய்யப்படும் பொருளின் பண மதிப்பை உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யும் காப்பீட்டு முறையாகும். அப்பொருள் முழுதாக அழிந்தாலோ திருட்டுப் போனாலோ, முன்பே எழுதிய அந்தத் தொகையே இழப்பீட்டுக்கு அடிப்படையாகும். சந்தை விலையைக் கண்டறிவது கடினமாக உள்ள பொருள்களுக்கு, குறிப்பாகப் பழைய தானுந்துகளுக்கு (கார்களுக்கு), இம்முறை பெரிதும் பொருந்தும். இந்தியாவில் இம்முறை தனிப் பெயரில் வழங்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், உற்பத்தி நின்றுபோன வகைகளுக்கும் இரு தரப்பாரின் உடன்பாட்டால் மதிப்பை வரையறுக்க வேண்டும் என்று கூறுகின்றன. இக்கட்டுரை அவ்விதி நடைமுறையில் செயற்படும் விதத்தை, தமிழ்நாட்டின் வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

மூவகை மதிப்பு

ஒரு வண்டிக்கான காப்பீட்டு மதிப்பை மூன்று வகையாகக் குறிக்கலாம். முதலாவது சந்தை மதிப்பு. விபத்து நடந்த நாளில் அதே வகை, அதே நிலையிலுள்ள வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதுவே இழப்பீடு. இரண்டாவது கூறிய மதிப்பு. உரிமையாளர் ஒரு தொகையைக் கூறுவார். நிறுவனம் அதற்கேற்பக் கட்டணம் வாங்கும். ஆனால் இழப்பு நேரும்போது கூறிய தொகை, சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே தரும். மூன்றாவதே உடன்பட்ட மதிப்பு. ஐக்கிய அமெரிக்காவில் பின்னிரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அறியாமல் ஏமாறுவோர் உண்டு என்பதால், அந்நாட்டுப் பழைய தானுந்து ஆர்வலர்கள் ஒப்பந்தச் சொற்களைக் கூர்ந்து படிக்குமாறு ஒருவருக்கொருவர் அறிவுறுத்துவது வழக்கம். அங்கு இத்துறையில் அறியப்பட்ட ஹேகர்ட்டி நிறுவனம் 1984-இல் மிச்சிகன் மாநிலத்தில் மரப்படகுகளைக் காப்பீடு செய்யத் தொடங்கிப் பின்னர் தானுந்துகளுக்கு வந்தது.

இந்த வரலாறு தற்செயலானதன்று. உடன்பட்ட மதிப்பு என்னும் கருத்தே கடல் வணிகத்திலிருந்து வந்தது. நடுக்கடலில் மூழ்கிய சரக்கின் விலையைப் பிறகு எவரும் சென்று பார்க்க இயலாது. ஆகவே ஏற்றும்போதே விலையை எழுதிவிடுவர். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், மதிப்பிட்ட ஒப்பந்தம், மதிப்பிடாத ஒப்பந்தம் என இரண்டையும் வேறுபடுத்துகிறது. மோசடி இல்லாதவிடத்து, ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பே இறுதியானது என்றும் கூறுகிறது.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் ஏற்றுமதியாளர்களுக்கு இது புதிய செய்தியன்று. காலணியோ பதனிட்ட தோலோ கப்பலேறும்போது, சரக்கின் விலை, காப்பீடு, கப்பற்கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையுடன் 10 விழுக்காடு சேர்த்து மதிப்பெழுதிக் காப்பீடு செய்வது அவர்களது அன்றாட வழக்கம். ஆயினும் அதே தொழிற்சாலையின் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டிக்கு, முகவர் எழுதிக்கொண்டுவரும் தொகையைப் படிக்காமலேயே கையொப்பமிடுவதும் உண்டு.

இந்திய விதிகள்

2002 சூலை 1-க்கு முன்னர் இந்தியாவில் மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தத்தில் உரிமையாளரின் மதிப்பீடு என்ற ஒரு தொகை எழுதப்பட்டது. ஆனால் வண்டி முற்றாக அழிந்தால் நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பையே கணக்கிட்டது. எழுதிய தொகைக்குக் கட்டணம் வாங்கிவிட்டு அதைவிடக் குறைவாக வழங்கியதால் வழக்குகள் பெருகின.

அந்நாள் முதல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண விதிகள், காப்பீடு செய்தவர் அறிவிக்கும் மதிப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தன. முகவர்கள் இதை ஐ.டி.வி. என்று சுருக்கிச் சொல்வர். இக்கட்டுரையில் அது அறிவிப்பு மதிப்பு எனப்படும். புதிய வண்டிகளுக்கு இது தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு என்பது கழிவு. அட்டவணை அத்துடன் நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட அகவையுள்ள வண்டிகளுக்கும், தயாரிப்பாளர் கைவிட்ட வகைகளுக்கும் நிறுவனமும் உரிமையாளரும் செய்துகொள்ளும் உடன்பாடே வழி.

இதனோடு சேர்ந்த மற்றொரு விதி மிக முதன்மையானது. முழு இழப்பு நேர்ந்தால், ஒப்பந்தக் காலம் முழுவதும் அறிவிப்பு மதிப்பே சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும். மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக்கூடாது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், இந்தியாவில் பழைய தானுந்து ஒன்றுக்கு எழுதப்படும் அறிவிப்பு மதிப்பு, முழு இழப்பைப் பொறுத்தவரை, உடன்பட்ட மதிப்பேயாகும். பெயர்தான் வேறு.

2007 சனவரி 1 முதல் சொந்தச் சேதத்திற்கான கட்டண விகிதத்தை நிறுவனங்களே வரையறுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. எனினும் ஒப்பந்த வாசகமும் மதிப்பிடும் முறையும் 2002 விதிகளின் வழியிலேயே தொடர்ந்தன. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் கட்டணம் அரசு அறிவிப்பின்படியே அமைகிறது. பிறருக்கு நேரும் தீங்குக்கான அப்பகுதி 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். வண்டியின் மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய வண்டி வைத்திருப்போர் பலர் இந்தக் கட்டாயப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வண்டிக்கே காப்பீடு இருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர்.

எது பழைமையான வண்டி

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. 2002 கட்டண விதிகளின்படி 1940 திசம்பர் 31-க்கு முன் தயாரிக்கப்பட்டு, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் கழகத்தின் சான்று பெற்ற தனியார் வண்டியே விண்டேஜ் வண்டி. அதற்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி விதிக்கப்பட்டிருந்தது. 2021 சூலையில் நடுவண் அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது வேறு வரையறை வந்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகி, அடிச்சட்டம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அதன்படி விண்டேஜ் வண்டிகளாகும். வி.ஏ. என்ற எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் தரப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். முன்பே பதிவான வண்டிகள் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் மாநிலக் காலத்து எம்.எஸ்., எம்.டி. முதலிய எழுத்துகளில் தொடங்கும் எண்பலகையை உயிர்போல் காப்பவர்களுக்கு இது ஆறுதலான விதி. பன்னாட்டளவில், 1966-இல் நிறுவப்பட்ட ஃபிவா என்னும் பழைய வாகனக் கூட்டமைப்பு, 30 ஆண்டுகள் கடந்து, வரலாற்று நோக்கில் சரியாகப் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது.

இதனால் விளையும் குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1964-இல் பதிவான ஹெரால்டு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குத் தகுதியுடையது. 2002 கட்டண விதிப்படி விண்டேஜ் அன்று. மூன்றாம் தரப்புக் கட்டணத்தை வரையறுத்த 2022-ஆம் ஆண்டு விதிகள், விண்டேஜ் வண்டியாகப் பதிவான தனியார் தானுந்துக்கு 50 விழுக்காடு தள்ளுபடி தருகின்றன. ஆகவே ஒரே வண்டிக்கு ஒரு பகுதியில் சலுகை கிடைத்து, மறுபகுதியில் கிடைக்காமல் போகலாம்.

விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கே இசைவு உண்டு. திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு விபத்துக்கு இழப்பீடு கேட்டால், நிறுவனம் மறுக்கும்போது உரிமையாளரின் பக்கம் வலுவிருக்காது.

வேலூர், ஆம்பூர் பகுதி

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், பாலாற்றின் கரையை ஒட்டி அமைந்த தோல் தொழில் ஊர்களின் தொகுதி இது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை தன் பெயரிலமைந்த மாவட்டத்திலும் உள்ளன. கட்டண விதிகளின் கணக்கில் இப்பகுதி முழுவதும் ‘பி’ மண்டலம். சென்னையும் பெங்களூரும் ‘ஏ’ மண்டலத்தில் அடங்கும். சாலையின் இரு முனைகளையும்விட இடைப்பட்ட ஊர்களில் பதிவான வண்டிக்கு அட்டவணைக் கட்டணம் சற்றுக் குறைவு.

இங்குப் பழைய வண்டிகள் பெரும்பாலும் குடும்பத் தொழிலோடு சேர்ந்தவை. அம்பாசடர், ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, ஹெரால்டு போன்றவை வீட்டு வண்டியாகவும் ஆலை வண்டியாகவும் ஓடியவை. நிறுவனத்தின் பெயரிலுள்ள வண்டிக்குக் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். ஆண்டுக்கு 15 விழுக்காடு கழித்தால், 100 ரூபாய் 20 ஆண்டுகளில் 4 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் புத்தக மதிப்பை ஒட்டியே அறிவிப்பு மதிப்பையும் எழுதிவிடுவது பொதுவான பிழை. புத்தக மதிப்பு வருமான வரிக்காக ஏற்பட்டது. அதற்கும் வண்டியை மீண்டும் வாங்க ஆகும் செலவுக்கும் எத்தொடர்பும் இல்லை. 2015-இல் நீக்கப்படும் வரை, தனியார் தானுந்துகள் செல்வ வரிக்குரிய சொத்துகளாகவும் இருந்தன. மதிப்பைக் கூட்டி எழுதத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு இன்று அடிப்படை இல்லை.

தோல் தொழிற்பகுதி என்பதால் இங்கு வண்டியின் இருக்கைக்குத் தனிக் கவனம் உண்டு. பழைய பிரித்தானிய வண்டிகள் பல தோல் இருக்கைகளுடன் வந்தன. இந்தியாவில் பின்னாளில் ரெக்சின் பரவியது. கிழிந்த தோலைக் கழற்றிவிட்டு ரெக்சின் தைப்பது எளிது. ஆனால் அசல் தன்மையைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் அதற்குக் குறைத்தே மதிப்பிடுவார். மீண்டும் தோல் தைக்க விரும்புவோர், காலணியின் மேற்பகுதிக்கான தோலும் இருக்கைத் தோலும் ஒன்றல்ல என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இருக்கைக்குப் பெரிய மாட்டுத் தோல்கள் தேவை. சிறு ஆட்டுத் தோலை ஒட்டுப்போட்டுத் தைத்தால் தையல்கள் பெருகி, வடிவம் மாறிவிடும். எவ்வகைத் தோல், எத்தனை சதுர அடி, யார் பதனிட்டது, தைத்த கூலி என்ன என்பனவற்றுக்கான பற்றுச்சீட்டுகள் மதிப்பைப் பேசும்போது மேசைமேல் வைக்கத்தக்க சான்றுகள். தோலோடு பழகியவர்கள் இச்சான்றை எளிதாகச் சேர்க்க முடியும். சேர்த்து வைப்பவர் குறைவு.

உடன்பாட்டை எட்டும் முறை

கட்டண விதிகள் உடன்பாடு வேண்டும் என்கின்றனவேயன்றி, அதை எட்டும் வழியைக் கூறவில்லை. கிளை அலுவலகத்தின் கணினியில் அம்பாசடரோ ஹெரால்டோ தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். ஹெரால்டு தயாரித்த நிறுவனம் இன்றில்லை. அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றது. அப்பெயரை 2017-இல் பெசோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு விலை கிடைத்தது. வண்டிக்கு விலைப்பட்டியல் இல்லை. எனவே பொறுப்பு உரிமையாளர் மீதே விழுகிறது.

நடைமுறையில் முதற்பணி வண்டியின் அடையாளத்தை நிலைநாட்டுவதாகும். பதிவுச் சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணும் எந்திர எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளில் எந்திரம் மாற்றப்பட்டு, டீசல் எந்திரம் பொருத்தப்பட்ட அம்பாசடர்கள் மிகுதி. அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏறாதிருந்தால் மதிப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும். பதினைந்தாண்டுக்குப் பிந்திய பதிவுப் புதுப்பிப்பும் நடப்பில் இருத்தல் வேண்டும்.

அடுத்தது நிலை அறிக்கை. உரிமம் பெற்ற அளவையாளரிடம், அதாவது சர்வேயரிடம், அல்லது பழைய வண்டிகளில் பழக்கமுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை பெறுவது நல்லது. உடற்கூட்டின் துரு, கதவுகளின் பொருத்தம், வண்ணப்பூச்சு, மின்கம்பிகள், இருக்கைகள், அசல் விளக்குகள், சக்கர மூடிகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அடிப்பகுதியையும் எண் பொறிப்புகளையும் சேர்த்து, நாள் குறித்த ஒளிப்படங்கள் எடுக்கப்படும். மீட்டமைப்புச் செலவுக்கான டிங்கரிங், பெயின்டிங், உதிரிப்பாகப் பற்றுச்சீட்டுகள் இணைக்கப்படும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. செலவழித்த தொகையே மதிப்பாகிவிடாது. நான்கு இலட்சம் செலவிட்ட வண்டி இரண்டு இலட்சத்துக்கே விலைபோகலாம். குறைந்த செலவில் அசலாகப் பேணிய வண்டி அதைவிடக் கூடுதலாகவும் போகலாம். ஆகவே அண்மையில் விற்ற, ஒத்த வகை வண்டிகளின் விலைச் சான்றுகள் இரண்டு மூன்றாவது வேண்டும். சென்னையிலுள்ள மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் கழகங்களின் உறுப்பினர்களிடையே இத்தகைய விலை பற்றிய அறிவு உள்ளது.

இவற்றுடன் நிறுவனத்துக்கு முன்மொழிவு அனுப்பப்படும். நிறுவனம் தன் சார்பில் வண்டியைப் பார்வையிட்டு, தொகையை ஏற்கலாம், குறைக்கலாம், அல்லது சொந்தச் சேதக் காப்பீடே தர மறுக்கலாம். மறுப்பு அரிதன்று, மிகப் பழைய வண்டிகளுக்கு மூன்றாம் தரப்புப் பகுதியை மட்டும் தர விரும்பும் நிறுவனங்கள் பல. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாக, வேறொரு நிறுவனத்தில் வாங்க வழி ஏற்பட்டதால், ஓரிடத்தில் மறுக்கப்பட்டவர் மற்றோரிடத்தில் முயலலாம். ஓடாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்குத் தீ, திருட்டு ஆகிய இரண்டுக்கு மட்டும் காப்பீடு எடுக்கும் வகையும் விதிகளில் உண்டு. கட்டணம் குறைவான அவ்வகையிலும் மதிப்பைச் சரியாக எழுதுவது அதே அளவுக்கு முதன்மையானது.

உடன்பாடு எட்டிய பின், அத்தொகை ஒப்பந்த அட்டவணையில் அறிவிப்பு மதிப்பு என்ற கட்டத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவரின் வாய்மொழியோ கைப்பேசிச் செய்தியோ போதாது. தொகை ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். புதுப்பிக்கும்போது கணினி தானாகவே ஒரு பங்கைக் கழித்துவிடுவது வழக்கமாதலால், ஆண்டுதோறும் அதே உரையாடலை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு

948 கன சென்டிமீட்டர் எந்திரம் கொண்ட ஹெரால்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. 2002 அட்டவணையில் ‘பி’ மண்டலத்தில் 1000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத, பத்தாண்டு கடந்த தனியார் வண்டிக்குச் சொந்தச் சேதக் கட்டணம் மதிப்பில் 3.267 விழுக்காடு. மதிப்பை 50,000 என்று எழுதினால் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 1,634 ரூபாய். 3,00,000 என்று எழுதினால் 9,801 ரூபாய். இன்று நிறுவனங்கள் இதன்மேல் வெவ்வேறு தள்ளுபடி தருகின்றன. ஆனாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியக்கூடியதே. குறைத்து எழுதத் தூண்டுவதும் இதுதான்.

இப்போது ஆம்பூருக்கு அருகே நெடுஞ்சாலையில் ஒரு சரக்குந்து பின்னால் மோதி, பழுதுபார்க்க 60,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். மீட்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஆகும் செலவு அறிவிப்பு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கருதப்படும் என்பது விதி. 50,000 எழுதிய வண்டிக்கு இந்த எல்லை 37,500 ரூபாய். ஆகவே நல்ல பட்டறையில் ஒரு மாதத்தில் சரியாகிவிடக்கூடிய வண்டி, காகிதத்தில் அழிந்த வண்டியாகிவிடுகிறது. நிறுவனம் 50,000-ஐ ஒட்டிய தொகையைத் தந்துவிட்டுச் சிதைவை எடுத்துக்கொள்ளும். உரிமையாளர் சிதைவை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் விலை கழிக்கப்படும். 3,00,000 எழுதிய வண்டிக்கு எல்லை 2,25,000 ரூபாய். 60,000 செலவு அதைத் தொடவே இல்லை. வண்டி பட்டறைக்குப் போகும்.

இரண்டாம் நிலையிலும் முழுச் செலவும் கிடைக்காது. பகுதிச் சேதத்தில் மாற்றப்படும் உதிரிப்பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். இரப்பர், நைலான், நெகிழிப் பாகங்கள், டயர், மின்கலம் ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு, கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30, கண்ணாடிக்குக் கழிவில்லை. மரம் உட்பட மற்றெல்லாப் பாகங்களுக்கும் வண்டியின் அகவைக்கேற்பக் கழிவு. பத்தாண்டு கடந்தால் 50 விழுக்காடு. தோல் இருக்கை தனியே குறிப்பிடப்படாததால், இந்தக் கடைசி வகையிலேயே சேர்க்கப்பட இடமுண்டு. மேற்சொன்ன 60,000-இல் பாகங்களுக்கு 40,000, கூலிக்கு 20,000 என்று வைத்தால், பாகங்களுக்குப் பாதியும் கூலிக்கு முழுதும் சேர்த்து 40,000; அதில் சிறு எந்திர வண்டிகளுக்கான கட்டாயக் கழிவு 1,000 போக 39,000 ரூபாய் கிடைக்கும். வெறும் பணக்கணக்கில் பார்த்தால் முதல் நிலையில் கூடுதலாகக் கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே வண்டி கைவிட்டுப் போகிறது. அதே பணத்தில் இன்னொரு ஹெரால்டு கிடைக்குமா என்பதே கேள்வி.

புதிய வண்டிகளுக்கு விற்கப்படும் தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு பழைய வண்டிகளுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. ஆகவே உடன்பட்ட மதிப்பு என்பது முழு இழப்புக்கான பாதுகாப்பேயன்றி, சிறு மோதல்களின் செலவை முழுவதும் ஈடுசெய்யும் வழியன்று. இதனை முகவர்கள் விளக்குவது குறைவு.

வெள்ளமும் தீயும்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் கரையில் வெள்ளக் காப்பீடு எதற்கு என்று கேட்போருக்கு 2021 நவம்பர் விடையாயிற்று. அம்மாதம் பெய்த மழையில் பாலாற்றில் பல ஆண்டுகள் காணாத பெருவெள்ளம் ஓடியது. சொந்தச் சேதக் காப்பீடு வெள்ளம், புயல், மின்னல், தீ ஆகியவற்றை உள்ளடக்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு இயக்கி, எந்திரத்துக்குள் நீர் புகுந்து உடைந்தால், அது வெள்ளத்தின் நேர்விளைவன்று எனக்கூறி நிறுவனம் மறுக்கக்கூடும். அசல் எந்திரம் உடைந்தால் வண்டியின் மதிப்பும் உடன் போய்விடும் என்பதால், நீர் வடிந்தபின் இயக்காமலேயே பட்டறைக்கு இழுத்துச் செல்வதே முறை. பழைய மின்கம்பிகளால் எழும் தீக்கு இழப்பீடு உண்டு. தீயின்றி மின்கருவி பழுதானால் இல்லை.

தகராறுகளும் மரபுரிமையும்

எழுதிய மதிப்பைப் பின்னர் மறுக்கும் போக்கை 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் கண்டித்தது. ஒரு மதிப்பை ஏற்று அதற்குக் கட்டணமும் பெற்ற நிறுவனம், இழப்பீடு தரும் வேளையில் அம்மதிப்பையே மறுப்பது சட்டப்படியும் அறத்தின்படியும் ஏற்கத்தக்கதன்று என்பது அதன் சாரம். அது பழைமையான வண்டி பற்றிய வழக்கன்று. ஆயினும் பழைய வண்டி உரிமையாளருக்கு இதைவிட வலுவான துணை இல்லை. இத்துணை இருமுனைக் கத்தியும் ஆகும். மதிப்பைத் தெரிந்தே மிகைப்படுத்தியோ, எந்திர மாற்றம் போன்ற செய்திகளை மறைத்தோ பெற்ற உடன்பாட்டை நிறுவனம் எதிர்க்க முடியும். முழு நேர்மை காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை. தகராறு எழுந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும், பின்னர் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம்.

இப்பகுதியில் மதிப்பைவிடப் பெயரே பெரிய இடராக அமைவதும் உண்டு. பாட்டனார் வாங்கிய வண்டி அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்தும் அவர் பெயரிலேயே பதிவாகி, ஆண்டுதோறும் அதே பெயரில் புதுப்பிக்கப்பட்டு வரும். பாகப் பிரிவினையில் வண்டி யாருக்கு என்பதும் எழுதப்பட்டிராது. தனியொருவர் பெயரிலுள்ள மோட்டார் காப்பீடு, அவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரையோ ஒப்பந்தம் முடியும் நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரையே செல்லுபடியாகும். அதற்குள் வாரிசு, இறப்புச் சான்றுடனும் வாரிசு என்பதற்கான ஆவணத்துடனும் ஒப்பந்தத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவோ புதிதாக எடுக்கவோ வேண்டும். விற்பனையால் கைமாறும் வண்டிக்கு, வாங்கியவர் 14 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்தின் பெயரிலுள்ள வண்டியானால் மூன்று மாத விதி பொருந்தாது. கூட்டாளிகள் மாறியதைப் பதிவுச் சான்றிலும் ஒப்பந்தத்திலும் ஒருங்கே திருத்திக்கொள்வதே வழியாகும்.